விருப்பாச்சி கோபால நாயக்கர்

விருப்பாச்சி கோபால நாயக்கர் (இறப்பு: 1801) பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் அமைந்திருந்த விருப்பாச்சி பாளையத்தை ஆண்ட பாளையக்காரர் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிக்கு எதிராக 1800-1801 ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் நடைபெற்ற பெருங்கிளர்ச்சியின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கித் தலைமை தாங்கியவர். கணவரை இழந்து அடைக்கலம் தேடி வந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்குப் புகலிடம் அளித்தவர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

கட்டபொம்மன், மருது சகோதரர்கள் ஆகியோரைப் போல இவரது பெயர் பரவலாக அறியப்படவில்லை. எனினும், தனித்தனியாகப் போரிட்டுத் தனித்தனியாகத் தோற்ற பாளையங்களை ஒரே அணியில் சேர்த்த முயற்சியில் இவரது பங்கு பெரிது. ஒரு புரட்சி எவ்வாறு தோன்றுகிறது, ஏன் தோற்கிறது, தோற்ற பின்னும் எவற்றையெல்லாம் மாற்றிச் செல்கிறது என்பதை அறிய இவரது வாழ்க்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாளையமும் மலையும்

விருப்பாச்சி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே, திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குச் செல்லும் வழியில் உள்ள ஊராகும். மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டபோது உருவான பாளையங்களுள் இதுவும் ஒன்று. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினார், வழக்குகளைத் தீர்த்தார், ஊர்க்காவலை நடத்தினார். மேலரசுக்கு ஆண்டுதோறும் திறை செலுத்துவதும், போர்க்காலத்தில் படை அனுப்புவதும் இவரது கடமைகளாக இருந்தன.

பாளையத்தின் தெற்கே பழனி மலை செங்குத்தாக எழுகிறது. பாச்சலூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றும் நங்காஞ்சியாறு விருப்பாச்சிக்கு அருகே தலையூற்று அருவியாக விழுந்து சமவெளியை அடைகிறது. மலைமேல் இருந்த ஊர்கள் பலவும் அக்காலத்தில் அடிவாரப் பாளையங்களின் ஆட்சி எல்லைக்குள் அடங்கியிருந்தன. கொடைக்கானல் என்ற நகரம் அப்போது தோன்றவில்லை. ஆனால் அதன் மேற்கே இன்று மேல்மலை எனப்படும் பகுதியில் உள்ள பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்றவை பழமையான ஊர்களாகும். ஏறத்தாழ 1900 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளை ஒட்டி அமைந்துள்ள கூக்கால் போன்ற ஊர்களில் குன்னுவர் எனப்படும் வேளாண் மக்கள் சரிவுகளைப் படிப்படியாக வெட்டிப் பயிர் செய்தனர். காடுகளில் பளியர் வாழ்ந்தனர். வண்டிப்பாதை இல்லாத அந்நாளில் இவ்வூர்களைச் சமவெளியுடன் இணைத்தவை ஒற்றையடிப் பாதைகளே. மலையூர்களைப் பொறுத்தவரை அரசு என்பது சென்னையிலோ மைசூரிலோ இருந்த ஒன்றன்று. அடிவாரத்துப் பாளையக்காரரே அவர்கள் கண்ட அரசு ஆவார்.

இந்த நில அமைப்பு பின்னர் நடந்த நிகழ்வுகளில் முக்கிய இடம் பெறுகிறது. பீரங்கிகளுடன் நகரும் படைக்கு மலைச்சரிவும் அடர்ந்த காடும் பெருந்தடைகள். வழி அறிந்த சிறு படைகளுக்கு அவையே அரண்கள்.

மைசூர் ஆட்சியின் கீழ்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திண்டுக்கல் சீமை மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1755 ஆம் ஆண்டில் ஐதர் அலி திண்டுக்கல்லின் படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். இதனால் விருப்பாச்சி, ஆற்காட்டு நவாபுக்கோ அவருக்குத் துணை நின்ற கம்பனிக்கோ கட்டுப்படாத பகுதியாக இருந்தது. கிழக்கே சில நாள் பயணத் தொலைவில் இருந்த சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளின் நிலை வேறு. அங்கு நவாபு திறை கேட்டார். கம்பனிப் படை அதனைத் தண்டிக் கொடுத்தது.

வேலு நாச்சியாருக்கு அடைக்கலம்

1772 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கம்பனி, நவாபு ஆகியோரின் படைகள் காளையார்கோயிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சியுடனும் அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் ஆகியோருடனும் சீமையை விட்டு வெளியேறினார். அவர்கள் நாடி வந்த இடம் விருப்பாச்சி ஆகும்.

இத்தேர்வுக்குத் தெளிவான காரணம் உண்டு. விருப்பாச்சி மைசூரின் ஆதரவு எல்லைக்குள் இருந்ததால் நவாபின் படை அங்கு எளிதில் நுழைய இயலாது. அத்துடன் ஐதர் அலியின் உதவியைக் கேட்பதற்குத் திண்டுக்கல் கோட்டை அருகிலேயே இருந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அரசியும் அவரைச் சார்ந்தோரும் விருப்பாச்சி, திண்டுக்கல் பகுதிகளில் தங்கிப் படை திரட்டினர். 1780 ஆம் ஆண்டில் ஐதர் அலியின் துணையுடன் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார்.

தோற்ற அரச குடும்பம் ஒன்றை எட்டு ஆண்டுகள் வைத்துக் காப்பது ஒரு சிறு பாளையத்துக்கு எளிய செயல் அன்று. ஆனால் அதன் பயன் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் தெரிந்தது. அன்று அடைக்கலம் பெற்றவர்களுள் இருந்த மருது சகோதரர்களே பின்னர் சிவகங்கையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர். சிவகங்கைக்கும் விருப்பாச்சிக்கும் இடையே உருவான நம்பிக்கை, 1800 ஆம் ஆண்டுக் கூட்டணியின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

கிளர்ச்சிக்கான காரணங்கள்

ஆட்சி மாற்றம்: மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1790 ஆம் ஆண்டில் கம்பனிப் படை திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றியது. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கம்பனிக்கு விட்டுக் கொடுத்தார். இம்மாற்றத்தில் பாளையக்காரர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. தொலைவில் இருந்த மேலரசின் இடத்தில், திண்டுக்கல்லிலேயே அமர்ந்து ஆண்டுக்கணக்குக் கேட்கும் கலெக்டர் வந்தார்.

வரி: மைசூருடன் நடத்திய போர்களால் கம்பனியின் செலவு பெருகியிருந்தது. அதனை ஈடுகட்டப் புதிய சீமைகளில் இருந்து நிலையான வருவாய் தேவைப்பட்டது. பழைய முறையில் திறை என்பது விளைச்சல், வலிமை, பேச்சுவார்த்தை ஆகியவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும் தொகை. கம்பனியோ குறித்த தொகையைக் குறித்த நாளில் கேட்டது. 1796 ஆம் ஆண்டில் கலெக்டராகப் பொறுப்பேற்ற ஹர்டிஸ் காலத்தில் நிலங்களை அளந்து வரி நிர்ணயிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. மழை பொய்த்த ஆண்டிலும் வரி குறையாது என்ற அச்சம் பாளையக்காரர்களையும் குடியானவர்களையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது.

அதிகாரம்: ஊர்க்காவல் உரிமை, அதற்கென ஊர்களில் இருந்து பெற்ற வருவாய், ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைக் கம்பனி படிப்படியாகக் குறைக்க முயன்றது. பாளையக்காரர் இவற்றை இழந்தால் வரி வாங்கும் இடைத்தரகராக மட்டுமே எஞ்சுவார். அவரை நம்பிப் பிழைத்த காவற்காரர்களும் படைவீரர்களும் வாழ்வை இழப்பர்.

அச்சம்: 1799 ஆம் ஆண்டில் இரு பெரும் நிகழ்வுகள் நடந்தன. மே 4 ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அக்டோபர் 16 ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இனிமேல் தனித்து நின்றால் ஒவ்வொருவராக அழிக்கப்படுவோம் என்பதை இவை மற்றப் பாளையக்காரர்களுக்கு உணர்த்தின.

இக்காரணங்களை அதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் நடந்த புரட்சிகளுடன் ஒப்பிடலாம். அமெரிக்கக் குடியேற்றங்கள் 1776 ஆம் ஆண்டில் விடுதலை அறிவித்ததற்கும், 1789 ஆம் ஆண்டில் பிரான்சில் புரட்சி வெடித்ததற்கும் போர்க்கடனும் அதனைத் தீர்க்க விதிக்கப்பட்ட வரியும் முக்கியக் காரணங்களாக இருந்தன. தென்னிந்தியாவிலும் தொடக்கம் அதுவே. வேறுபாடு என்னவெனில், பிரான்சில் மக்கள் தம் சொந்த அரசரை எதிர்த்தனர். இங்கு கடல் கடந்து வந்த வணிக நிறுவனம் ஒன்று அரசாக மாறுவதை எதிர்த்தனர். அங்கு புதிய சமூக ஒழுங்கு கோரப்பட்டது. இங்கு பறிபோகும் பழைய ஒழுங்கைக் காப்பதே தலைவர்களின் முதல் நோக்கமாக இருந்தது.

திண்டுக்கல் கூட்டமைப்பு

கோபால நாயக்கர் தம்மைச் சுற்றியிருந்த பாளையங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய அணி திண்டுக்கல் கூட்டமைப்பு எனப்படுகிறது. மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோர் இதில் குறிப்பிடத்தக்கவர்கள். தெற்கே சிவகங்கையில் மருது சகோதரர்கள், மேற்கே மலபாரில் கேரள வர்ம பழசி ராஜா, வடக்கே மைசூர்ப் பகுதியில் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் குதிரைப்படை திரட்டி எழுந்த தூந்தாஜி வாக் ஆகியோருடனும் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. சாதி, சமயம், மொழி ஆகியவற்றால் வேறுபட்ட தலைவர்கள் ஒரே எதிரிக்கு எதிராக இணைந்தது இக்கூட்டணியின் தனிச்சிறப்பாகும்.

விருப்பாச்சியின் இருப்பிடம் இதற்குத் துணை செய்தது. கொங்கு நாட்டுக்கும் மதுரைச் சீமைக்கும் இடைப்பட்ட வழியில் அது அமைந்திருந்ததால் கிழக்கு, மேற்கு அணிகளை இணைக்கும் கண்ணியாக விளங்கியது.

கோயம்புத்தூர்த் தாக்குதல்

1800 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிளர்ச்சித் தலைவர்களின் கூட்டம் விருப்பாச்சியில் நடைபெற்றது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் கம்பனி வசமான கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என அங்கு முடிவு செய்யப்பட்டது. அக்கோட்டையில் கம்பனியின் குதிரைப்படைப் பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. தாக்குதலுக்குக் குறிக்கப்பட்ட நாள் 1800 ஜூன் 3. அது மொகரம் நாட்களாகும். கோட்டைக்குள் இருந்த முசுலிம் வீரர்களின் ஒத்துழைப்பும், வடக்கே இருந்து தூந்தாஜி வாக்கின் உதவியும் எதிர்பார்க்கப்பட்டன.

திட்டம் நிறைவேறவில்லை. செய்தி முன்னரே வெளிப்பட்டதால் கம்பனி அதிகாரிகள் விழிப்படைந்தனர். வெவ்வேறு திசைகளில் இருந்து வரவேண்டிய அணிகள் ஒரே நேரத்தில் சேர இயலவில்லை. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொங்கு நாட்டின் பல இடங்களில் தூக்கிலிடப்பட்டனர். சில மாதங்களில், 1800 செப்டம்பர் 10 ஆம் நாள், ஆர்தர் வெல்லெசுலியின் படையுடன் நடந்த போரில் தூந்தாஜி வாக் கொல்லப்பட்டார். இவ்வாறு கூட்டணியின் வடக்குக் கை முறிந்தது.

மலைப்போரும் இறுதியும்

தோல்விக்குப் பின்னரும் கோபால நாயக்கர் பணியவில்லை. மலையும் காடும் சார்ந்த மறைமுகப் போர்முறைக்கு மாறினார். உடுமலைப்பேட்டையை அடுத்த ஆனைமலைப் பகுதியில் இவரது படை கடுமையாகப் போரிட்டது. அப்பகுதிக் குடியானவர்கள் இவருக்கு முழு ஆதரவு அளித்தனர். நிலவுடைமைத் தலைவர்களின் போராகத் தொடங்கியது, பொதுமக்களின் பங்கேற்பைப் பெற்றது என்பதற்கு இது சான்றாகும்.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுப்பப்பட்டு, மே மாதம் வரை கம்பனியை எதிர்த்து நின்றது. கோட்டை வீழ்ந்த பின் ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் சென்றார். ஜூன் மாதத்தில் மருது சகோதரர்கள் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரில் ஓர் அறிக்கையை ஒட்டச் செய்தனர். அது எல்லாச் சாதியினரையும் ஆங்கிலேயருக்கு எதிராகத் திரளுமாறு அழைத்தது.

இதற்கிடையே லெப்டினன்ட் கர்னல் இன்னசு தலைமையில் கம்பனிப் படை விருப்பாச்சியின் மீது ஏவப்பட்டது. பாளையம் கைப்பற்றப்பட்டது. மலைக்காடுகளில் தேடுதல் நடத்தப்பட்டு, 1801 ஆம் ஆண்டிலேயே கோபால நாயக்கர் பிடிபட்டார். பின்னர் இவர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அங்குள்ள ஒரு குளத்தின் கரையில் இது நிகழ்ந்ததாகவும், அதனாலேயே அக்குளம் கோபாலசமுத்திரம் எனப் பெயர் பெற்றதாகவும் மக்கள் கூறுவர். அதே ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும், நவம்பர் 16 ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர்.

தோல்விக்கான காரணங்கள்

- கூட்டணியின் அணிகள் நெடுந்தொலைவில் பிரிந்து இருந்தன. ஆள் அனுப்பியே செய்தி தெரிவிக்க வேண்டியிருந்ததால், ஒரே நாளில் எழுச்சி செய்வது இயலாமற் போயிற்று.
- எல்லாப் பாளையங்களும் இணையவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான், எட்டயபுரம் பாளையக்காரர் ஆகியோர் கம்பனிக்குத் துணை நின்றனர்.
- கம்பனி பிரித்தாளும் முறையைக் கையாண்டது. சிவகங்கையில் மருது சகோதரர்களுக்குப் போட்டியாகக் கௌரி வல்லப உடையத் தேவரைச் சீமைக்கு உரியவராக 1801 ஆம் ஆண்டில் அறிவித்தது. இதனால் மக்களின் ஆதரவு பிளவுபட்டது.
- கம்பனியிடம் பீரங்கிகளும், கடல் வழியாகவும் பிற சீமைகளில் இருந்தும் தொடர்ந்து வரும் படையும் பணமும் இருந்தன. ஒரு பாளையம் வீழ்ந்தால் அதன் களஞ்சியமும் படையும் ஒருசேர அழிந்தன.

விளைவுகள்

அரசியல்: கிளர்ச்சி நடந்து கொண்டிருந்தபோதே, 1801 ஜூலை 31 ஆம் நாள் உடன்படிக்கை மூலம் கர்நாடகத்தின் முழு ஆட்சியும் ஆற்காட்டு நவாபிடம் இருந்து கம்பனியின் கைக்கு மாறியது. சென்னை மாகாணம் உருவாவதற்கு இது வழிவகுத்தது.

ஆயுதப் பறிப்பு: 1801 டிசம்பர் மாதத்தில் ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு வெளியானது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்கள் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காவலையும் போரையும் தொழிலாகக் கொண்டிருந்த சமூகங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன.

நாடு கடத்தல்: கிளர்ச்சியில் பங்கேற்ற 73 பேர் 1802 ஆம் ஆண்டில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

நிலம்: எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டனர். அவர்களிடம் பட்டம் இருந்தது, படை இல்லை. விருப்பாச்சி போன்ற கிளர்ச்சிப் பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன.

மலையூர்கள்: சமவெளியில் நடந்த இப்போரின் விளைவு மெதுவாக மலை உச்சியையும் அடைந்தது. இடையில் நின்ற பாளையக்காரர் அகற்றப்பட்ட பின், மலை கலெக்டரின் நிர்வாகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. கோபால நாயக்கர் இறந்து இருபது ஆண்டுகளில், 1821 ஆம் ஆண்டில், லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பழனி மலையை அளந்தார். 1845 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயப் பரப்புநர்கள் கொடைக்கானலில் வீடுகள் கட்டிக் குடியேறத் தொடங்கினர். 1882 ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம், மக்கள் விறகும் மேய்ச்சலும் பெற்று வந்த காடுகளை அரசுக் காப்புக்காடுகளாக வகுக்க வழி செய்தது. கூக்கால் போன்ற மேல்மலை ஊர்களின் மக்கள் 1801 ஆம் ஆண்டுப் போரின் தலைவர்கள் அல்லர். ஆயினும் தம் காட்டின் மீதும் நிலத்தின் மீதும் யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கான விடை அவர்களைக் கேளாமலேயே மாறியது. புரட்சியின் விளைவுகள் அதில் பங்கேற்றவர்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தொடர் கிளர்ச்சிகள்: எதிர்ப்பு 1801 உடன் முற்றுப்பெறவில்லை. கொங்கு நாட்டில் தீரன் சின்னமலை 1805 ஆம் ஆண்டு வரை போரிட்டு, சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பழசி ராஜா அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். 1806 ஜூலை 10 ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இந்திய வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர்.

மதிப்பீடு

இந்நிகழ்வை எவ்வாறு அழைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கம்பனியின் ஆவணங்கள் இதனைப் பாளையக்காரர்களின் கலகம் என்றன. வரலாற்றாளர் கா. ராஜய்யன் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இதனை முதல் விடுதலைப் போர் என நிறுவ முற்பட்டார். பாளையக்காரர்கள் தம் பரம்பரை உரிமைகளைக் காக்கவே போரிட்டனர் என்றும், நாடு முழுமைக்குமான விடுதலை என்ற கருத்து அக்காலத்தில் உருவாகவில்லை என்றும் கூறுவோரும் உளர்.

இரண்டு கருத்துகளிலும் உண்மை உண்டு. கோபால நாயக்கர் பாதுகாக்க விரும்பியது தம் பாளையத்தையே. ஆனால் அதனைத் தனித்துப் பாதுகாக்க இயலாது என உணர்ந்து அவர் அமைத்த கூட்டணி, பாளையத்தின் எல்லையைத் தாண்டியது. திறையை ஒப்புக்கொண்டு பணிந்த பாளையக்காரர்களின் வழித்தோன்றல்கள் ஜமீன்தார்களாக நீடித்தனர். அவ்வழி இவருக்கும் திறந்தே இருந்தது. அதனை ஏற்காமையே இவரது வாழ்வின் முதன்மையான முடிவு. அதற்குத் தம் உயிரையும் பாளையத்தையும் விலையாகக் கொடுத்தார்.

நினைவுகள்

கோபால நாயக்கரின் நினைவாக விருப்பாச்சியில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் திண்டுக்கல் கூட்டமைப்பின் தலைவராக இவர் குறிப்பிடப்படுகிறார். விருப்பாச்சி என்ற பெயரை இன்று பலரும் அறிவது, பழனி மலைச்சரிவுகளில் விளைந்து புவிசார் குறியீடு பெற்றுள்ள விருப்பாச்சி மலை வாழைப்பழத்தின் மூலமாகவே ஆகும். அப்பழம் விளையும் சரிவுகள், இவரது பாளையத்தின் பின்னணியாகவும் இறுதிக்காலத்தில் இவரது படைக்கு அரணாகவும் விளங்கிய மலைத்தொடரைச் சேர்ந்தவை.

காலவரிசை

- 1755: ஐதர் அலி திண்டுக்கல்லில் பொறுப்பேற்பு
- 1772: வேலு நாச்சியார் விருப்பாச்சியில் அடைக்கலம்
- 1780: வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டல்
- 1792: திண்டுக்கல் சீமை கம்பனியின் வசமாதல்
- 1799: திப்பு சுல்தான், கட்டபொம்மன் மறைவு
- 1800 ஏப்ரல்: விருப்பாச்சியில் தலைவர்கள் கூட்டம்
- 1800 ஜூன்: கோயம்புத்தூர்த் தாக்குதல் தோல்வி
- 1801: கோபால நாயக்கர் தூக்கிலிடப்படல், விருப்பாச்சி பறிமுதல்
- 1821: பழனி மலை அளக்கப்படல்